அடுப்படிக்கு மேலே நிற்காத பனி

கிருஷ்ணகுமாரி ஒஸ்லோவில் டிராம் ஓட்டுகிறவள். தண்டவாளமே தெரியாமல் பனி மூடிய தெருவில் வண்டி நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு போகிறவள், கூரைக்கா பயப்படப் போகிறாள்? ஹவுகெட்டோவில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. இந்தக் குளிர்காலம் அதன் படுக்கையறைச் சீலிங் ஒழுகத் தொடங்கியது.

கணவர் பரமநாதனுக்குப் பொறுமை கிடையாது. ஏணியைச் சாத்தி, கூரைத் தண்ணீர் வழிந்தோடும் பீலியில் இறுகிக் கிடந்த ஐஸைச் சுத்தியலால் உடைக்கப் போனார்.

"இறங்குங்கோப்பா. ஓடுதான் உடையும். பிழை மேல இல்லை, எங்கட வீட்டுக்குள்ளதான்."

தெருவில் நின்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். பக்கத்து வீட்டு லூக்காஸின் கூரையில் பனி மெத்தை போலக் கிடந்தது. இவர்கள் கூரையிலோ அடுப்படிக்கு மேலே மட்டும் ஓடு தெரிந்தது. அங்கே உருகிய தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் தேங்கிய தண்ணீர்தான் ஓட்டுக்கடியால் உள்ளே இறங்கியது.

சூடு வந்த வழியும் அவளுக்குத் தெரியும். வீடு வாங்கிய புதிதில், மீன் பொரிக்கும் மணம் அயலுக்குப் போய்விடக் கூடாதென்று இருவருமாகச் சேர்ந்துதான் அடுப்படிப் புகைக்குழாயைக் கூரைக்கடியிலேயே முடித்திருந்தார்கள். என்ன மூளை!

"குழாயை வெளியால விட்டா லூக்காஸ் முறைப்பாடு வைப்பான்," என்றார் பரமநாதன்.

"வைக்கட்டும். கூரையை உக்க விட்டிட்டு ஆரிட்ட நல்ல பேர் எடுக்கப் போறம்?"

வாய் அப்படிச் சொன்னாலும் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. லூக்காஸ் இதுவரை முகம் சுளித்ததில்லை. அந்த நல்லுறவு கெட்டுப்போனால் இந்தச் சுவருக்குப் பக்கத்தில் எப்படிச் சீவிப்பது? ஆனாலும் ஆளைப் பிடித்துக் குழாயை வெளிச்சுவரால் விட்டாள். பழைய குழாய் இருந்த கூரைக்கடி ஓட்டையைச் சூடு போகாதபடி பஞ்சு வைத்து அடைப்பித்தாள். அடுத்த பனி கூரை முழுக்க ஒரே சீராக நின்றது. சீலிங்கும் காய்ந்தது.

ஒரு சனிக்கிழமை சூடை மீன் பொரித்துக்கொண்டிருக்கையில் லூக்காஸ் கதவைத் தட்டினார். பரமநாதன் சத்தமில்லாமல் அறைக்குள் நழுவினார். கிருஷ்ணகுமாரி நிமிர்ந்து நின்று கதவைத் திறந்தாள்.

வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று லூக்காஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். இவ்வளவு காலமும் சனிக்கிழமைகளில் தங்கள் மேல்மாடியெங்கும் பொரியல் மணம் இறங்கும், கொஞ்ச நாளாக ஒன்றையும் காணோம், மனைவி கவலைப்படுகிறாள் என்றார்.

அயலுக்குப் போகக் கூடாதென்று அடைத்த மணம் இத்தனை காலமும் கூரைக்கடி இடுக்கால் அவர்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. லூக்காஸை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இஞ்சாருங்கோ," என்று அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வெளியால வாங்கோ. முறைப்பாடு வந்திருக்கு, மணம் காணாதாம்."