நைஸ் என்று எழுதி வாங்கிய கடதாசி

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த வருஷம், கண்டிப் பக்கம் ஹேவாஹெட்டயில் துரை பங்களாவில் எனக்கிருந்த வேலையும் போயிற்று. துரையும் சீமைக்குக் கப்பலேறப் போகிறார். நற்சான்றுக் கடதாசி எழுத உட்கார்ந்தவரிடம், "ஹொனஸ்ட், சோபர் எல்லாம் எல்லார் கடதாசியிலயும் இருக்குங்க தொர. எனக்கு நைஸ்னு போடுங்க" என்றேன். ரோசாப்பூ, புடிங், நாய்க்குட்டி எல்லாவற்றுக்கும் துரைசாணி சொல்லும் சொல் அது. துரை சிரித்துவிட்டு அப்படியே எழுதினார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே ஒரு முஸ்லிம் முதலாளியின் சாமான் கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நடந்தேன். இரண்டு நாளாகத் தேத்தண்ணீர்தான் சாப்பாடு. முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. சுருட்டு வாங்க வந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கரிடம் கடதாசியை நீட்டினார்.

"நைஸ் எண்டு மட்டும் கிடக்கு. களவெடுக்க மாட்டான், குடிக்க மாட்டான் எண்டு ஒண்டுமில்லை. நாய்க்குட்டிக்கும் இதைத்தான் சொல்லுவினம்" என்றார் கிளாக்கர்.

"அப்ப என்னத்த நம்பி ஒங்கள வெக்கிற?" என்றார் முதலாளி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அது பெரிய சொல் என்று காட்டாமல் விடுவதில்லை என்று கண்டிக்கு நடந்தேன். பழைய புத்தகக் கடையில் தலையணை மொத்தத்தில் ஓர் அகராதி. கையைக் கழுவிக் காட்டிய பிறகே தொடவிட்டார்கள். பங்களா டப்பா லேபிள்களில் பழகிய இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். லத்தீனில் 'ஒன்றும் அறியாத' என்று பிறந்த சொல்! பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குள் முட்டாளாக நுழைந்து, அப்புறம் நுணுக்கம் பார்க்கிற, நேர்த்தியான என்று மாறி, கடைசியில் இனிய என்றாகியிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னைப் போலவே ஒன்றும் தெரியாமல் கிளம்பி, நாடு நாடாக அலைந்து, துரைசாணி வாயில் போய் உட்கார்ந்திருக்கிறதே!

திரும்பி ஓடினேன். மூச்சிரைக்க எல்லாவற்றையும் முதலாளியிடம் கொட்டினேன்.

"மடையன் எண்டு எழுதி வாங்கினதச் சொல்லவா இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க?" என்று வயிறு குலுங்கச் சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "நில்லுங்க. அந்தப் பொஸ்தகத்த ஆரு வாசிச்ச?"

"நான்தாங்க மொதலாளி."

கொழும்பிலிருந்து வந்த மரப்பெட்டி ஒன்றைக் காட்டினார். கிளாக்கர் வரும் வரைக்கும் எந்தப் பெட்டியில் என்ன என்று தெரியாத கடை அது.

குனிந்து எழுத்துக்கூட்டினேன். "லாம்புக் கண்ணாடிச் சிமினிங்க. இந்தப் பக்கம் மேலன்னு போட்டிருக்கு. நீங்க கவுத்து வெச்சிருக்கீங்க."

"அல்லாவே!"

இருவருமாகப் பெட்டியைப் பிடித்து மெல்லப் புரட்டினோம். உள்ளே கண்ணாடி உடைந்த சத்தம் இல்லை.

"உள்ள போய்ச் சோறு தின்னுங்க" என்றார் முதலாளி. "மத்தப் பெட்டியெல்லாம் பொறகு வாசிக்கலாம்."