சவுண்ட்பாரா, அஞ்சு பெட்டியா?

காதால் வாங்க வேண்டிய பொருளைக் கண்ணால் வாங்குகிறவர்களிடம் விற்பதுதான் எங்கள் தொழில்.

திருவண்ணாமலை போளூர் ரோட்டில் இருக்கும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். முன்பக்கம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். இடது ஓரம் மிக்ஸி, கிரைண்டர். பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறை. அதுதான் என் இடம். அங்கே ஒரு பெரிய டி.வி., அதற்கு அடியில் நீளமாக ஒரு சவுண்ட்பார். அதே டி.வி.யைச் சுற்றி ஐந்து தனி ஸ்பீக்கர், தரையில் இடி இடிக்க ஒரு ஊஃபர், எல்லாவற்றையும் ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபையர். இது நல்லதா, அது நல்லதா என்று கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டையும் போட்டுக் காட்ட வேண்டும். புடவைக் கடையிலும் செருப்புக் கடையிலும் நின்று பிழைக்கிறவர்களே, நூறு புடவையைப் பிரித்துப் போட்ட பிறகு வேறு கலர் இருக்கா என்று கேட்பார்களே, அந்த வலி உங்களுக்குத் தெரியும். எனக்கு அது ஸ்டீரியோவில் வருகிறது.

சார் எப்ப வருவாரு?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்தார். பேங்கில் பெரிய பதவியில் இருந்து ரிட்டையர் ஆனவர். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று மாதமாக இணையத்தில் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறார். அறைக்குள் வந்ததும் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். இந்த அறைக்கு நான்தான் என்றேன். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் என்றும் சொன்னேன். சரி போடுங்க பார்ப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் சவுண்ட்பாரில் ஒரு பாட்டு. உதட்டைப் பிதுக்கினார், டெப்த் இல்லை என்றார். பிறகு அதே பாட்டைத் தனி ஸ்பீக்கரில் போட்டேன். தலையை ஆட்டினார். இதுதான் சவுண்டு, பின்னால் வயலின் தனியாக நிற்கிறது பாருங்கள் என்றார். எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், மாற்றுகிற பட்டனை நான் அமுக்கவே இல்லை. இரண்டு தடவையும் ஓடியது சவுண்ட்பார்தான். மறைக்க மனசு வரவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணைத் திறந்தார். நோட்டை மூடினார். கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே முறைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. சார் எப்ப வருவாரு?"

ஒரு குக்கருக்காக

வாடிக்கையாளரை மட்டும் ஏசினால் நான் யோக்கியம் என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு வருஷம் ஆடி மாதத்தில், ஐந்து பெட்டி செட் அதிகம் விற்கிறவர்களுக்கு ஒரு பெரிய குக்கர் பரிசு என்று கம்பெனியில் அறிவித்தார்கள். எனக்கு அந்தக் குக்கர் மேல் ஒரு கண். அந்த வாரம் புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி வந்தது. பையனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் வேலை. அந்தப் பெண் சவுண்ட்பாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை. ஹெலிகாப்டர் பறக்கிற காட்சியைப் போட்டு, தலைக்கு மேலே சுற்ற வைத்து, அந்தப் பையனை மயக்கி விற்றுவிட்டேன்.

மறுநாள் எங்கள் கடையில் ஃபிட்டிங் பார்க்கும் ஏழுமலை அண்ணன் போன் செய்து, நீயே வந்து பாரும்மா என்றார். போனேன். ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு பீரோ, மூலையில் ஸ்டவ். இரண்டு ஸ்பீக்கர் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஒன்று அரிசி டிரம் மேல் உட்கார்ந்திருந்தது. ஊஃபரை வைத்துவிட்டால் கதவு திறக்காது. அந்தப் பையன் முகத்தில் ஈயாடவில்லை. செட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு சவுண்ட்பார் கொடுத்தோம். குக்கர் வேறொருத்திக்குப் போனது, அதில் வருத்தமில்லை. ஆனால் வாசல்வரை வந்த அந்தப் பெண் கோபமே இல்லாமல் சொன்னது இன்னும் குத்துகிறது.

"எங்க வீடு எவ்ளோ பெருசுனு நீங்க ஒரு வார்த்தை கேக்கவே இல்லியேக்கா."

கன்னி மூலை

அதற்குப் பிறகு கேட்க ஆரம்பித்தேன். அறை எவ்வளவு நீளம், யார் யார் உட்கார்ந்து பார்ப்பீர்கள், சுவர் பக்கத்து வீட்டோடு பொதுவா, என்ன பார்ப்பீர்கள், எல்லாம் கேட்பேன். சின்ன அறை, பொதுச் சுவர், நியூஸும் சீரியலும்தான் என்றால் சவுண்ட்பார் போதும் என்பேன். பெரிய ஹால், படம் பார்க்கிற ஆசை, ஒயர் இழுக்க இடம் இருந்தால் தனி ஸ்பீக்கர். இவ்வளவுதான் இதில் இருக்கிற ரகசியம். ஆனால் கேட்கத் தெரியாத ஒரு கேள்வியும் இருக்கிறது என்று வேட்டவலம் ரோட்டில் ஒரு கான்டிராக்டர் கற்றுக் கொடுத்தார். கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு வாரம் ஆன அவர் சொந்த வீடு. கோயில் மண்டபம் மாதிரி ஹால். வடக்குச் சுவரில் டி.வி. ஐந்து பெட்டிக்கென்றே கட்டின மாதிரி இருந்தது. நானும் ஏழுமலை அண்ணனும் சந்தோஷமாக இடம் குறித்தோம்.

கான்டிராக்டர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டி வந்தார். வலது பக்க ஸ்பீக்கர் வர வேண்டியது வடகிழக்கில், ஈசானிய மூலையில். அங்கே துரும்பு கூட வைக்கக் கூடாது என்றார் வந்தவர். பாரமெல்லாம் தென்மேற்கில், கன்னி மூலையில் இருக்க வேண்டுமாம். கடைசியில் ஐந்து பெட்டியும் ஊஃபரும் சோபாவுக்குப் பின்னால் ஒரே மூலையில், சந்தையில் மூட்டை அடுக்கின மாதிரி அடுக்கப்பட்டன. போட்டுப் பார்த்தோம். திரையில் கதாநாயகன் வாயசைக்கிறான். குரல் நமக்கு இடது பிடரியிலிருந்து வருகிறது. கான்டிராக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று. இதற்கு ஒரு ரேடியோ போதுமே ஐயா என்றேன். அவர் என்னை ஆறுதல்படுத்தினார்.

"சத்தம் எங்கிருந்து வந்தா என்னம்மா, நம்ம வூட்டுக்குள்ளதான வருது."

பலகையில் எழுதிய பதில்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறை எடுத்து அமைதி தேடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் கடைக்கு வந்தார். சென்னையில் நல்ல வேலையில் இருந்துவிட்டு இங்கே வந்து மௌன விரதத்தில் இருக்கிறவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்னப் பலகை தொங்கியது. அதில் எழுதித்தான் பேச்சு. பத்துக்குப் பத்து அறை, மாடி, பஜனைப் பாட்டுக் கேட்க, ஐந்து பெட்டி வேண்டும் என்று எழுதினார். சவுண்ட்பாரே அதிகம் என்றேன். பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி ஐந்து என்று பெரிதாக எழுதிக் காட்டினார். பௌர்ணமிக் கூட்டத்தில் வண்டி போகாது என்பதால் இரண்டு நாள் கழித்து மாட்டிக் கொடுத்தோம்.

அந்த வாரமே வீட்டுக்காரம்மா கடைக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். பாத்திரமெல்லாம் அலமாரியில் ஆடுகிறதாம். பக்கத்து அறையில் தியானம் செய்த இரண்டு வெள்ளைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்களாம். சாமியாரிடம் சண்டை போடலாம் என்றால் அவர் பேச மாட்டேன் என்கிறார், நீ வந்து சொல் என்றார். போனேன். படிக்கட்டே அதிர்ந்தது. உள்ளே அவர் கண்ணை மூடிச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடி அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தது. தோளைத் தொட்டு, கையால் குறைக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, முகம் மலர்ந்து பலகையை எடுத்து எழுதி நீட்டினார்.

"இதைவிட ஜாஸ்தி வைக்க வழி இருக்கா?"

டி.வி. ரிப்பேர்

இதுவரை சொன்னவர்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். முனுசாமி ஐயாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அடி அண்ணாமலையில் பூ பயிர் வைப்பவர், எழுபது வயசு. மகள் கோகிலா பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வீட்டில் டி.வி. சத்தம் வைத்தால் தெருவே கேட்கிறது, ஆனால் அப்பாவுக்கு வசனம் புரியவில்லை, டி.வி. சரியில்லை என்கிறார், இரண்டு டி.வி. மாற்றிவிட்டோம் என்றார் டீச்சர். இருப்பதிலேயே பெரிய செட்டாகக் கொடுங்கள் என்றார். எங்கள் முதலாளி அன்று அறைக்குள்ளேயே நின்றிருந்தார். டீச்சர் பெரிய செட் என்றதும் அவரே நாற்காலி இழுத்துப் போட்டார்.

நான் நியூஸ் போட்டேன். செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் திரையில் இருக்கும்வரை ஐயா தலையாட்டினார். முகம் மறைந்து வெள்ளக் காட்சி வந்தது, குரல் மட்டும் ஓடியது. ஐயா பேந்தப் பேந்த விழித்தார். சத்தத்தைக் கூட்டினேன், அதே முழிதான். எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய், ஐயா டீ குடிக்கிறீங்களா என்றேன். திரும்பவே இல்லை. அவர் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு ஐந்து பெட்டியைக் கட்டிவிட்டால் மகள் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவாள், இவர் மூன்றாவது டி.வி.யையும் திட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்பீக்கர் அப்புறம் வாங்கிக்கலாம், முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியதும் முதலாளி கேட்டார்.

"கடைக்கு வர்றவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் உனக்கு சம்பளமா?"

மிக்ஸி பக்கம்

மறுநாள் என்னை மிக்ஸி பக்கம் மாற்றிவிட்டார்கள். பதினோரு வருஷ அறைக்கு ஒரு புது ஆள் வந்தார். கழுத்தில் டை. வாடிக்கையாளர்கள் இத்தனை வருஷமாகத் தேடிய சார் ஒருவழியாகக் கிடைத்துவிட்டார். யார் வந்தாலும் அவர் ஒரே ஹெலிகாப்டரைப் பறக்க விட்டு ஐந்து பெட்டியைக் கட்டி அனுப்பினார். ஏழுமலை அண்ணன் தினமும் ஒரு வீட்டின் கட்டிலுக்கு அடியில் ஸ்பீக்கர் தள்ளிவிட்டு வந்து என்னிடம் புலம்பினார். நான் தேங்காய்ச் சட்னி அரைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சாயந்திரம் வீட்டுக்குப் போனால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. செய்தது சரியா, பிழைக்கத் தெரியாத வேலையா என்று எனக்கே குழப்பம்.

இரண்டு மாதம் இருக்கும். டீச்சரும் முனுசாமி ஐயாவும் வந்து என் முன்னால் நின்றார்கள். ஐயாவின் இரண்டு காதிலும் சின்னதாக மெஷின். டீச்சர்தான் பேசினார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாவு வீட்டில், எங்கம்மா போய்ட்டாங்க என்று சொந்தக்காரர் ஒருவர் அழுதிருக்கிறார். இவருக்குக் காதில் சரியாக விழவில்லை, நீங்க வந்ததே போதும் என்கிறார் என்று நினைத்து ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வாசலையும் மிதிப்பதில்லை. ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதும் இல்லை. மெஷின் மாட்டிய பிறகுதான் ஒருநாள் சொல்லி அழுதாராம். மறுநாள் அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மிக்ஸி பட்டனைத் திருப்பிவிட்டேன். ஐயா இரண்டடி பின்னால் துள்ளிப் போய், மிக்ஸியை முறைத்தார்.

"இது எப்பவுமே இப்டித்தான் கத்துமா? எங்க வூட்டுது பாவம், சத்தமே போடாதுனு நெனச்சினு இருந்தேன்."

டாக்டரம்மா

டை கட்டினவர் மூன்றாவது மாதம் வேலூரில் ஒரு பெரிய கடைக்குப் போய்விட்டார். அதே வாரம் கோகிலா டீச்சரின் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து டீச்சர்கள் சேர்ந்து வந்து, மிக்ஸி விற்கும் அக்காவிடம்தான் ஸ்பீக்கர் வாங்குவோம் என்று நின்றார்கள். முதலாளி யார் முகத்தையும் பார்க்காமல் கண்ணாடிக் கதவின் சாவியை என் கையில் வைத்தார். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லக்கூடிய வாய் அவருக்கு இல்லை, அதை நானும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து பேரில் நாலு பேருக்குச் சவுண்ட்பார்தான் சரி என்று சொல்லி அனுப்பினேன். ஒருவருக்குத்தான் பெரிய செட். அவருக்குப் பில் போடும்போது முதலாளி கணக்குப் பிள்ளையிடம் என் காதுபடவே சொன்னார்.

"நம்ம டாக்டரம்மா எழுதிக் குடுத்துட்டாங்க, மருந்த கட்டி அனுப்பு."

சவுண்ட்பாரா, தனி ஸ்பீக்கரா என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் தினம் பத்துப் பேர் வருகிறார்கள், அதில் நான் சொன்ன பதிலை முதலில் காதில் வாங்கிக்கொண்டவர் காது கேட்காத ஒருவர்தான்.