விரலை நீட்டும் மெக்கானிக்

அந்த நன்னிலம் மெக்கானிக்கை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. வழுக்கைத் தலை, சிரிக்காத முகம். எந்த எண்ணெயையும் விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, அதே விரலை வந்தவர் மூக்கருகே நீட்டுவார்.

அறுவடை நேரம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு உள்ளூர் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணையில் நான் ஓட்டிய பழைய பிக்கப்புக்குக் கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர். என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. அவர் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

"கியர்பாக்ஸ்ல டிராக்டர் எண்ணெய ஊத்துனது யாரு?" என்று விரலை நீட்டிக் கத்தினார்.

"பண்ணையார்தாங்க ஊத்தச் சொன்னாரு."

"அவருக்கு எல்லாம் ஒண்ணுதான். வண்டிக்கு என்ன அவசரம்?"

"அறுப்புக்கு வெளியூர் ஆள ஏத்திக்கிட்டு வரணுங்க."

கொஞ்ச நேரம் என்னையே முறைத்தார். "உள்ள பிளேட்டு போயிடுச்சு. கியர்பாக்ஸக் கழட்டித்தான் மாத்தணும். பிளேட்டு மெட்ராஸ்லேருந்து வரணும்."

தினமும் போய் நின்றேன், எரிந்து விழுந்தார். திரும்பினால் பண்ணையார் ஏசினார். கதிர் சாயத் தொடங்கியதும் பண்ணையார் வேறு வழியின்றிக் கூலியைக் கூட்டினார். உள்ளூர் ஆட்களே அறுத்தார்கள்.

மறுநாளே வண்டி தயார்.

"பிளேட்டு வந்துடுச்சாங்க?"

"ஓடுதுல்ல? எடுத்துட்டுப் போ."

விரலை நீட்டினார். புது எண்ணெய். குனிந்து பார்த்தேன். கியர்பாக்ஸ் போல்ட்டுகளின் மேல் எங்கள் வயல் சேறு உடையாமல் காய்ந்திருந்தது.

பண்ணையார் கண்ணில் படுமுன், வழியில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன்.