கையெழுத்து வைக்காத வெள்ளவத்தையும் கதைக்காத கொட்டாஞ்சேனையும்

பல்கலைக்கழகத்தில் ஆறு வாரம் வேலை செய்திருக்கிறேன். இதைச் சொன்னால் மருதானையில் என்னோடு அறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வவுனியாவுக்குப் போனோம். யுத்தத்தில் அங்கிருந்து ஓட வேண்டி வந்தது. ஓடிய இடங்களில் எல்லாம் எங்களைப் பள்ளிக்கூடங்களில்தான் தங்கவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆட்கள் தங்கினால் அங்கே வகுப்பு நடக்காது. அதனால் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்கள் அதிகம், படித்த நாட்கள் குறைவு.

பிறகு மன்னாரில் இறால் பண்ணை, புத்தளத்தில் உப்பளம், கொட்டாஞ்சேனையில் வெங்காய மூட்டை, வெள்ளவத்தையில் ஒரு சைவக்கடையில் தோசை மாவு. எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்கே கால் அரிக்கும்.

பெற்றோலும் காஸும் பால்மாவும் இல்லாமல் நாடே தெருவில் நின்ற வருடத்தில் எனக்கு நல்ல தொழில் ஒன்று வாய்த்தது. மற்றவர்களுக்காக வரிசையில் நிற்பது. வாழ்க்கையில் முதல் தடவையாக நின்ற இடத்திலேயே நிற்பதற்கு என்னைக் கூலிக்குப் பிடித்தார்கள். அப்படித்தான் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளரைத் தெரியும். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு சின்னக் கார் வைத்திருந்தார். இரண்டு நாள் அவருடைய காரை நான் தள்ள, அவர் உள்ளே ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் விடைத்தாள் திருத்தினார். ஒரு கட்டுத் தாள் முடிந்தபோது பெற்றோல் செட் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. பொழுது போகாமல் என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். வரிசையில் யார் முதலில் சண்டை பிடிப்பார்கள், யார் தண்ணீர் பகிர்வார்கள், செங்கல்லை வைத்துவிட்டுப் போனவரின் இடத்தை மற்றவர்கள் மதிப்பார்களா. நான் சொன்னதை எல்லாம் யாரோ ஒரு மாணவனின் விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அந்த மாணவனுக்கு எத்தனை புள்ளி கிடைத்ததோ தெரியாது.

அந்த எழுத்துத்தான் பிற்பாடு ஆராய்ச்சி ஆனது. சமூகம் குலையும்போது குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பது தலைப்பு. ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, எனக்குக் கள உதவியாளர் வேலை தருவதாகச் சொன்னார். களம் என்றதும் நான் வயல் என்று நினைத்துப் பழைய காற்சட்டையோடு போனேன். போனபின்தான் தெரிந்தது, களம் என்பது வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்.

அவருடைய அறையில் நான்கு மேசைகள். மூன்றில் ஆட்கள் இல்லை. ஒருவர் மெல்பேர்ன், ஒருவர் ரொறன்ரோ, மூன்றாமவர் ஒரு வார லீவில் வெளிநாடு போய், அங்கிருந்து ஈமெயிலில் ராஜினாமா அனுப்பியவர். மூன்றாமவரின் மேசையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி மூடியபடி இருந்தது. அதைத் திறக்க யாருக்கும் துணிவில்லை. அந்த மூவரின் பாடங்களையும் இவர்தான் படிப்பித்தார். அதில் ஒரு பாடத்தை பஸ்ஸில் வரும்போது படித்துவிட்டு வந்து சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் எழுதித் தரும் கட்டுரைகள் இப்போதெல்லாம் மிக அழகாக இருக்கின்றனவாம், ஆனால் எல்லாம் ஒரே அழகாம். போன் எழுதித் தருகிறது. அவருடைய பேராசிரியரோ மடிக்கணினிக்குள் இருந்தார். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வருவார், அங்கே பனி. முக்கியமான ஒன்றைச் சொல்ல வாயைத் திறப்பார், அப்படியே உறைந்துவிடுவார். நாங்கள் இருவரும் அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்போம்.

விரிவுரையாளருடைய வேலை தற்காலிகம். மாத முடிவோடு ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு இந்த ஆராய்ச்சி முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த இடத்தையே வெட்டிவிடுவார்கள்.

"இல்லாட்டி நானும் இந்த மூண்டு மேசை மாதிரித்தான், அண்ணை," என்றார். "என்ன, அவைக்குப் போறதுக்கு ஓர் இடம் இருந்தது."

நாற்பது பேரைப் பேட்டி காண வேண்டும். வெள்ளவத்தையில் இருபது, கொட்டாஞ்சேனையில் இருபது. ஒவ்வொருவரும் நான்கு பக்கச் சம்மதப் படிவம் ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இல்லாத பேட்டி செல்லாது. கதை இல்லாத கையெழுத்தும் செல்லாது. படிவத்தின் ஒரு பிரதியைப் பேட்டி தந்தவரிடம் கட்டாயம் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஒழுக்கக் குழு இதில் மிகவும் கண்டிப்பு. எனக்குக் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை தந்தார்கள். ஒரு வாரம் அதைக் கழற்றாமல் திரிந்தேன், தேங்காய் வாங்கப் போகும்போதும்.

வெள்ளவத்தையில் முதல் வீடு, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி. ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் ஒருவர். இரண்டரை மணித்தியாலம் கதைத்தார். காஸ் இல்லாமல் பால்கனியில் விறகு மூட்டியது, புகையைப் பார்த்துத் தீயணைப்புக்காரர் வந்தது, வந்தவர்களுக்கு அதே அடுப்பில் தேநீர் போட்டுக் கொடுத்தது. வடையும் தந்தார். படிவத்தை நீட்டியதும் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு நான்கு பக்கத்தையும் வாசித்தார். சிவப்புப் பேனாவால் ஐந்து இடத்தில் திருத்தம் போட்டார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

"நல்ல படிவம், தம்பி. கையெழுத்து மட்டும் கேக்காதேங்கோ."

யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்குப் பதிவு கொடுத்த ஆட்கள் இவர்கள். வாடகைக்கு இருந்த ஒரு பொடியனுக்காக ஒரே ஒருதரம் கையெழுத்து வைத்தாராம். பொடியன் லண்டனுக்குப் போய்க் கலியாணமும் கட்டிவிட்டான், இவரை மட்டும் நான்கு வருடம் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கோபமில்லாமல், கறிவேப்பிலை விலையைச் சொல்வது போலச் சொன்னார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எல்லாம் இதே கதை. ஒரு அம்மா, கனடாவில் இருக்கும் மகனைக் கேட்டுத்தான் வைப்பேன் என்றார். மகன் இப்போது நித்திரை. அடுத்த நாள் போனேன், அப்போதும் நித்திரை. நான் போன ஒரு நாளிலும் அந்த மகன் விழித்திருக்கவில்லை.

கொட்டாஞ்சேனை இதற்கு நேர்மாறு. நான் வாயைத் திறக்க முன்னமே பேனாவைப் பறித்துக் கையெழுத்து வைத்தார்கள். படிவத்தில் கையெழுத்துக்கு என்று இல்லாத இடங்களிலும் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தால் அவருக்கும் சேர்த்து வைக்கட்டுமா என்று கேட்டார்கள். ஆனால் கதை வராது. கழுத்தில் அட்டை தொங்கும் ஆள் வந்தால் நிவாரணம் வரப்போகிறது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். வெள்ளவத்தையில் சமையல் வேலைக்குப் போகும் ஒரு அக்காவிடம், அந்த நாட்களில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"எதச் சொன்னா கெடைக்கும்னு சொல்லுங்கண்ணே. அதையே சொல்லிர்றோம்."

மூன்று வாரம் முடிந்தபோது எங்களிடம் வெள்ளவத்தையிலிருந்து கையெழுத்தில்லாத பதினொரு அருமையான கதைகளும், கொட்டாஞ்சேனையிலிருந்து கதையில்லாத இருபத்தாறு கையெழுத்துகளும் இருந்தன. இதை எடுத்து அதில் ஒட்டினால் என்ன என்று கேட்டேன். விரிவுரையாளர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு கட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. ஆனால் அவர் இரண்டையும் மேசையின் வெவ்வேறு லாச்சியில் வைத்துப் பூட்டினார்.

மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. வீட்டுக்கு வீடு போவதை விட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று யோசித்தேன். கணக்காய்வாளர் இருந்த தொடர்மாடியின் கீழே, கார் நிறுத்தும் இடத்தின் வாசலில், ஒரு சனிக்கிழமை காலையில் மேசை போட்டேன். காவலுக்கு இருந்த சிங்களப் பெரியவர் என்னைத் தம்பி என்று மல்லி என்பார், நான் அவரை அண்ணன் என்று அய்யே என்பேன். அவர்தான் மேசை தந்தார். விரிவுரையாளர் கல்கிசையில் ஒரு ரியூசன் வகுப்பு முடித்து வருவதாகச் சொல்லியிருந்தார். தற்காலிகச் சம்பளத்துக்கு அதுவும் தேவைப்பட்டது.

முதலில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேர் ஒருவருக்குப் பின் ஒருவராக நின்றதைக் கண்ட அய்யே, பழைய பழக்கத்தில், நாட்காட்டித் தாளைக் கிழித்து இலக்கம் எழுதித் துண்டு கொடுக்கத் தொடங்கிவிட்டார். காஸ் வந்த நாட்களில் அவர்தான் அந்த ஒழுங்கைக்குத் துண்டு கொடுத்தவர். அவ்வளவுதான். துண்டு கொடுக்கிறார்கள் என்ற செய்தி மாடி மாடியாக ஏறியது. லிப்டுக்குக் காத்திராமல் படியால் இறங்கி வந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. முதலில் இடம் பிடிக்க வேண்டும், காரணத்தைப் பிறகு விசாரிக்கலாம் என்பது அந்த வருடம் எல்லாரும் படித்த படிப்பு. ஒருவர் சிலிண்டரோடு வந்தார். ஒருவர் செருப்பை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். கணக்காய்வாளர் பதினான்காம் இலக்கம், கையில் குடை. வரிசை காலி வீதிக்கு வந்ததும் ஒரு பஸ் மெதுவானது. கொண்டக்டர் எட்டிப் பார்த்து "மே மொகடத போலிம?" என்று, இந்த வரிசை எதற்கென்று கேட்டார். எனக்கு முன்னமே யாரோ, கனடா விசா என்று பதில் சொன்னார்கள். இரண்டு பேர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள்.

மேல்மாடியில் வேலைக்கு நின்ற அந்தக் கொட்டாஞ்சேனை அக்கா, பதின்மூன்றாம் இலக்கத்தில் நின்றபடி, வீட்டுக்குப் போன் போட்டார். ஒரு மணித்தியாலத்தில் ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து இறங்கி, நடுநடுவே இடம் கேட்டு, திட்டு வாங்கி, கடைசியில் ஒருவாறு கலந்துவிட்டார்கள்.

விரிவுரையாளர் ஓட்டோவில் வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்து எங்கேயோ கடையில் ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்தாராம். அது நான்தான் என்று தெரிந்ததும் முகம் வெளுத்தது. ஏதோ கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினால் அது ஏமாற்று, எல்லாம் போய்விடும் என்றார். அவருடைய வேலையை நானே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்றார்.

"இஞ்ச ஒண்டும் குடுக்கேல்லை. காஸ் இல்லை, விசா இல்லை, நிவாரணம் இல்லை. நாங்கள் கேள்வி கேக்கத்தான் வந்தனாங்கள். எல்லாரும் வீட்டை போகலாம்."

அதையே சிங்களத்திலும் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. கொட்டாஞ்சேனை அக்கா முன்னால் நின்றவரின் காதில், ஆனால் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"அப்படித்தான் சொல்லுவாங்க. அன்னைக்கும் காஸ் இல்லன்னுதான் சொன்னாங்க. கடைசி வரைக்கும் நின்னவங்களுக்குக் கெடைச்சிச்சி."

விரிவுரையாளர் மூன்றாம் தரமும் சொன்னார். சிலிண்டர்காரர் மட்டும் சிலிண்டரை வீட்டில் வைத்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தார். கடைசியில் கணக்காய்வாளர் குடையை உயர்த்தினார்.

"பிள்ளை, நீங்கள் சொன்னது வடிவா விளங்குது. ஒண்டும் இல்லை. சரி. ஆனா இப்ப போனால் இடம் போயிடுமெல்லே."

பிறகு விரிவுரையாளர் செய்தது ஒன்றுதான். ஒவ்வொருவரையும் தனியாக இருத்தி, ஒன்றுமே கிடைக்காது என்பது விளங்குகிறதா என்று கேட்டு, ஓம் என்று சொன்னவரிடம் மட்டும் படிவத்தைக் கொடுத்தார். எல்லாரும் ஓம் என்றார்கள். வரிசையில் நின்றதால் கதையும் தானாக வந்தது. கொட்டாஞ்சேனைக்காரர் எங்களிடம் சொல்லாததை எல்லாம் முன்னால் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா மூன்று நாள் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, முதலாளி வீட்டில் போய் புரியாணி கிண்டிய கதையை அப்போதுதான் கேட்டேன். மேசைக்கு வந்தபோது கதை சூட்டோடு இருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டோம். அவர் கதையைச் சொல்லி முடித்து, கையெழுத்தும் வைத்து, தன் பிரதியை மடித்துக்கொண்டு எழும்பினார்.

அடுத்தது கணக்காய்வாளர். அவர் அந்தப் பிரதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

கையெழுத்து வைத்தவர்களுக்குப் படிவத்தின் பிரதி என்றேன்.

"அப்ப எனக்கு?"

கையெழுத்து வைத்தால்தான் என்றேன். அவர் திரும்பி, தனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் வைத்ததைப் பார்த்துப் பதினைந்து வைத்தது, பதினைந்தைப் பார்த்துப் பதினாறு. கனடாவில் மகன் தூங்கும் அம்மாவும் வைத்தார். பின்னேரம் ஆறு மணிக்குப் படிவம் முடிந்தபோது கதையும் கையெழுத்துமாக நாற்பத்து மூன்று இருந்தது. எல்லாரும் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். பிறகு ஒருதரம் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது ஒரு வீட்டில் அந்தச் சம்மதப் படிவம் லாமினேட் செய்யப்பட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

பேட்டி தந்தவர்களை எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று ஒழுக்கக் குழு கேட்டது. அவர்கள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள், போகச் சொல்லியும் போகவில்லை என்று விரிவுரையாளர் எழுதினார். அந்தக் குழுவில் இருந்தவர்களும் அதே வருடத்தில் வரிசையில் நின்றவர்கள்தான். மேலே கேட்கவில்லை.

நியமனம் வந்த அன்று என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் தேவை, அறையில் இருந்த மூன்று மேசையும் வெளிநாட்டில். நான் போனபோது அவர் ஒப்பந்தக் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கையெழுத்து வைத்தால் ஏழு வருடம் இந்த இடத்தை விட்டுப் போக முடியாது. நான்கு தரம் வாசித்தாயிற்று என்றார்.

"வீட்டை ஒருக்காக் கேட்டிட்டு வைக்கட்டோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு படித்தாலும் வெள்ளவத்தைப் பிள்ளைதான். மூலை மேசையில் அந்தச் சாப்பாட்டுப் பெட்டி இன்னும் இருந்தது. நான் கடிதத்தை என் பக்கம் இழுத்து, சாட்சி என்று இருந்த கோட்டில் முதலில் என் கையெழுத்தை வைத்தேன். எட்டாம் வகுப்பில் பழகிய அதே கையெழுத்து. அவர் அதைப் பார்த்தார். முன்னால் நின்றவர் வைத்துவிட்டார். பேனாவை வாங்கி, அவரும் வைத்தார்.

காரியாலயத்தில் இருந்த கிளார்க் அம்மா, கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் நாங்கள் எழுதிய திகதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். உரியவர் வைக்க முன்னம் சாட்சி வைக்கக் கூடாதாம், அவர் வைப்பதைப் பார்த்தவன்தான் சாட்சியாம். புதுப் படிவம் வேண்டும், படிவம் அடிக்கக் கடதாசி இல்லை, நாங்களே கொண்டுவர வேண்டும். நான் வெளியே போய் ஒரு கட்டு வாங்கி வந்தேன். கிளார்க் அம்மா அடித்துக் கொடுத்தார். நான் இன்னும் கதிரையில் இருக்கவில்லை, அதற்குள் விரிவுரையாளர் கையெழுத்தை வைத்துவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"வைங்கோ அண்ணை. பின்னுக்கு ஆக்கள் நிக்கினம்."

திரும்பிப் பார்த்தேன். கதவடியில் உண்மையிலேயே நான்கு பேர் நின்றார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை.