எட்டு என்று காட்டிய மெஷின்

அன்று கம்பெனி சாப்பாட்டு ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் சூப்பர்வைசர், மூச்சுப் பரிசோதனைக்கு வந்த நர்ஸ், எனக்குப் பின்னால் நின்ற அயர்ன் மாஸ்டர். போன ஆடி மாதம், திருப்பூரில் நாங்கள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் நடந்தது. நான் செக்கிங், அவர் கட்டிங்.

நர்ஸ் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருந்தார். நோய் என்று எதுவும் இல்லாதவர்கள் எப்படித் தூங்குகிறார்கள், புகை பிடிக்கிறார்களா, அவர்கள் விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். நான் எட்டாவதோடு நின்றவள். முந்தின நாள் அவர் வந்து விளக்கியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: மூச்சுக்குழாய் உள்ளே வீங்கியிருந்தால் நம்பர் ஏறும்.

அதை வைத்து அன்று ராத்திரியே வீட்டில் ஒரு பேச்சு ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் இருமுவதைக் கேட்டுக்கொண்டே தூங்காமல் கிடப்பவள் நான். "நம்பர் ஏறி வந்தா சிகரெட்ட உட்டர்றேன். நல்லா வந்துச்சுன்னா அதுக்கப்பறம் நீ வாயே தொறக்கக் கூடாது" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

முதலில் நான் ஊதினேன். இருபத்திரண்டு. சாதாரணம்தான் என்றார் நர்ஸ். அடுத்து என் வீட்டுக்காரர்.

"சிகரெட், பீடி பழக்கம் உண்டுங்களாண்ணா?"

அவர் சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்தார். துணி ரோல் பக்கத்தில் சிகரெட்டோடு ஒருமுறை சூப்பர்வைசரிடம் மாட்டி, இனி தொடவே மாட்டேன் என்று கும்பிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர்.

"இல்லீங்க."

"தூக்கம்?"

"படுத்தா விடியறதே தெரியாதுங்க."

ஊதினார். எட்டு.

"பாத்துக்க, உன்னோடதுல பாதி கூட இல்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்காவுக்குக் கவலையே மூச்சுல ஏறிருச்சாட்ட இருக்குது" என்றார் அயர்ன் மாஸ்டர்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. சிகரெட்டைத் தொடாத எனக்கு இருபத்திரண்டு, பாக்கெட் காலி செய்கிறவருக்கு எட்டா? நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினார். வாயைத் திறந்தால் வீட்டுக்காரர் வேலை போகலாம். திறக்காவிட்டால் சிகரெட் பற்றி இனி எப்போதும் பேச முடியாது.

"ஏனுங்க சிஸ்டர், ஊட்டுக்கு வந்தா இவரு சிகரெட்டு புடிக்கறாருங்க. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் புடிக்கறாருங்க."

அவர் முகம் செத்துவிட்டது.

"அப்ப இந்த எட்ட நம்ப முடியாதுக்கா" என்றார் நர்ஸ். "புகை பிடிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் இது கொறச்சுதான் காட்டும். உள்ள நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. நுரையீரலுக்குன்னு வேற ஊதற டெஸ்ட் இருக்கு, அத எடுத்துருங்க."

சூப்பர்வைசர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து என் வீட்டுக்காரரே அந்த டெஸ்டுக்குக் கிளம்பினார். பெரிதாகக் கெடவில்லை, இப்போதே நிறுத்திவிடுங்கள் என்றார் டாக்டர். முழுசாக நிறுத்திவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். சாப்பிட்டதும் ஒன்று இன்னும் இருக்கிறது. ராத்திரி எழுந்திருப்பது நின்றிருக்கிறது.

"எட்டுதான வந்துச்சு, செயிச்சது நாந்தான்" என்று இப்போதும் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். நல்ல சேதி வந்த பிறகும் அடங்காமல் அன்று என் வாயைத் திறக்க வைத்த இந்தப் பயத்தைத்தான் இத்தனை வருடம் என் குறை என்று நினைத்திருந்தேன்.