வடக்கு வாசல்

இங்கிலாந்தின் இந்தச் சிற்றூரில் கிறிஸ்தவக் கோயிலைப் பூட்டுவதில்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வரும்போது பார்ப்பேன். பல நூற்றாண்டுப் பழைய கட்டடம், உள்ளே பித்தளைச் சாமான்கள், வெளியே 'உள்ளே வாருங்கள்' என்று பலகை, காவலுக்கு ஆளில்லை. சும்மா எவனாவது கதவைத் திறந்து வைப்பானா, நீங்களே சொல்லுங்கள். எங்கோ கேமரா இருக்கும் என்று மூன்று மாதம் ஒதுங்கியே நடந்தேன்.

என்னை இழுத்தது அதன் கூரை. இலங்கையில் அரநாயக்கப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கும் இதே செங்குத்துக் கூரை, சதுரக் கோபுரம், கூர்முனை ஜன்னல்கள். வெண்பனி சறுக்கி விழுவதற்கான கூரையை, மழை மட்டுமே பெய்யும் மலையில் எதற்குப் போட்டார்கள்? ஊர் நினைப்பு வந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரத் தொரை தன் ஊர்க் கோயிலை அப்படியே கட்ட வைத்திருக்கிறான். கல் சுமந்தது நம் ஆட்கள். கோபுரத்தடி முன்வாசல் தொரைமாருக்கு, வடக்கே இருந்த சின்ன வாசல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஆட்களுக்கு. தொரைமார் போய் எத்தனையோ காலமாகியும் அப்பா வடக்கு வாசலை விடவில்லை. நானும் அதிலேயே போய்ப் பழகியவன்.

அந்தப் பழக்கம்தான் மாட்டிவிட்டது. ஒரு ஞாயிறு துணிந்து போனேன். முன்வாசல் திறந்து கிடக்க, வடக்குப் பக்கமாகச் சுற்றினேன். வாசலைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். நம்மைப் பார்த்துத்தான் அடைத்தார்களோ என்று தடவிக்கொண்டிருந்தபோது, கோயில் பொறுப்பாளர் மார்கரெட் வந்தார்.

"ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?"

"எங்கள் வாசலைத் தேடுகிறேன்."

அவர் முகம் மாறியது. பிறகு சிரித்துக்கொண்டே விளக்கினார். இது சாத்தான் வாசலாம். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையை விட்டு ஓடும் சாத்தானுக்குத் திறந்து வைப்பார்களாம். எல்லாம் பழைய கதையாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயம் வடக்கே இருந்ததால் தொரை நமக்கு அந்த வாசலைக் கொடுத்தானா, தெரிந்தேதான் கொடுத்தானா?

அந்த வாரமே தங்கச்சி ஸ்டெல்லா போன் பண்ணினாள். மழையில் ஊர்க் கோயிலின் வடக்குச் சுவர் வெடித்துவிட்டதாம்.

"வாசல அடைச்சாத்தான் செவுரு நிக்கும்னு மேசன் பாஸ் சொல்லிட்டாருண்ணே. அத மூடுனா கோயிலுக்கே வரமாட்டேங்கிறாரு அப்பா. நீங்க சொன்னா கேப்பாரு."

சாத்தான் வாசல் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அன்றே விட்டுவிடுவார். ஆனால் அவர் போய்வந்த அத்தனை ஞாயிறும் அதோடு நாசமாகும். அம்மாவின் சவப்பெட்டி வெளியே வந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். சொல்ல வாய் வரவில்லை.

"இங்க எல்லாரும் முன்வாசல் வழியாத்தாம்ப்பா போறோம்" என்று அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"தொரைமாருமா?"

"அவங்களும்தான்."



"நம்ம வாசல மூடத்தான்டா முன்னால விடுறானுங்க. பாத்து இரு."

ஊரில் வாசலை அடைத்துவிட்டார்கள். அப்பா இப்போதும் ஞாயிறு தவறாமல் போகிறார், உள்ளே மட்டும் போவதில்லை. அடைத்த கல்லுக்கு வெளியே குடை பிடித்து நின்று பாட்டுப் பாடுகிறார் என்றாள் ஸ்டெல்லா. நான் இங்கே முன்வாசல் வழியாக நுழைந்து, அடைத்த கல்லுக்கு உள்பக்கம் உட்காருகிறேன்.