ஒற்றைக் காதுப் பூனையும் சிங்கப்பூரும்

இட்லி மிளகாய்ப் பொடியை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் பெரிய கஷ்டம் இல்லை; பாக்கெட்டின் மேல் இருக்கிற பெயரும் படமும் நம்முடையதுதான் என்று அந்த நாட்டை நம்ப வைப்பதற்குள்தான் உயிர் போய்விடும். முதலாளியின் ஏற்றுமதி ஆசைக்கு ஃபைல் தூக்குகிற சின்ன கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் அபி. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில். மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. கல்கத்தா லேக் மார்க்கெட் பின்சந்தில் ராகவன் மாமாவின் பொடிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். கம்பெனி என்றால் முன்னால் கடை, பின்னால் வறுக்கிற அறை, மாடியில் ஆபீஸ் என்ற பெயரில் ஒரு மேஜை. மாமா முதலாளி. வறுப்பதும் அரைப்பதும் ஷிப்ரா தி; 'தி' என்றால் பெங்காலியில் அக்கா. மீதி எல்லாம் நான்.

பொடியின் பெயர் பூனை மார்க். ஒரு காது மட்டும் இருக்கிற பூனை, வாயில் சிவப்பு மிளகாயைக் கவ்விக்கொண்டு எங்கேயோ தூரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அதை வரைந்தது நான்தான், ஒன்பதாவது படிக்கும்போது. அம்மாவோடு பொடி வாங்கப் போனபோது என் நோட்டில் மாமா பார்த்தார், பிடித்துப்போய், வாயில் ஒரு மிளகாயை மட்டும் சேர்க்கச் சொல்லி லேபிளில் போட்டுவிட்டார். அந்தப் பூனை சிங்கப்பூர் போகப்போகிறது என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அங்கே ஒரு கடை ஷெல்ஃபில் அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கே பக்கத்தில் திகாவிலும், சென்னையிலும் கரையில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி, நான் எந்தக் கடலையும் தாண்டியதில்லை.

தமிழில் பேசினார்

எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. கல்கத்தாவில் தெருவில் பெங்காலி, லாரிக்காரரிடம் இந்தி, பேங்கில் இங்கிலீஷ். தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். அதனால் முன்பின் தெரியாத ஒருவர் போனில் அரை மணி நேரம் தமிழில் பேசிவிட்டால் போதும், பீரோ சாவியையே எடுத்துக் கொடுத்துவிடுவோம். சிங்கப்பூர் மொத்த வியாபாரி ஒருவர் அப்படித்தான் வந்தார். சாம்பிள் கேட்டார், அனுப்பினோம். அடுத்து லேபிளின் ஒரிஜினல் ஃபைலைக் கேட்டார், போஸ்டர் அடிக்க வேண்டுமாம்.

"மாமா, படம் உங்களோடதுன்னு முதல்ல எழுதி வாங்குங்க. நம்ம பிரிண்டர்கூட நமக்கு ஃபைல் தர ஆயிரம் கேள்வி கேக்கறான்" என்றேன். மாமா கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை. சிங்கப்பூர் சுவரில் என் பூனை போஸ்டராக நிற்பதை அதற்குள் மனசில் பார்த்துவிட்டேன். ஃபைலை அனுப்பியதும் என் விரல்தான். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏண்டி, போனை எடுத்ததும் 'சௌக்கியமா இருக்கேளா'ன்னு கேக்கற மனுஷன்கிட்ட போய், கையெழுத்துப் போடுன்னு எப்படிடி கேப்பேன்?"

பிள்ளையார் பக்கத்து ஃபிரேம்

பூனை மார்க் இந்தியாவில் பதிவான டிரேட்மார்க். அந்த சர்டிபிகேட்டை மாமா ஃபிரேம் போட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு வைக்கிற சந்தனம் குங்குமம் அதற்கும் உண்டு. உலகம் முழுக்க அது செல்லும் என்பது அவர் நம்பிக்கை.

அதன் நகல் ஒன்று வாங்க பவானிபூரில் லாஹிரி காகுவின் ஆபீஸுக்குப் போனேன். டிரேட்மார்க் வேலை பார்க்கிற வக்கீல்; காகு என்றால் பெங்காலியில் சித்தப்பா. அவர் பேசுவது பெங்காலியில், இங்கே தமிழில் தருகிறேன். "இது சிங்கப்பூரில் செல்லுமா?" என்று கேட்டேன். செல்லாதாம். ஒவ்வொரு நாட்டிலும் தனியாக மனுப் போட வேண்டுமாம். சரக்கு போவதற்கு முன்னாலேயே பெயர் போய்ச் சேர வேண்டுமாம். ஓடி வந்து மாமாவிடம் சொன்னேன். "மொதல்ல வித்துப் பாப்போம், அப்புறம் பதிவு பண்ணலாம்" என்றார். அடுத்த வாரம் அதை அப்படியே காகுவிடம் ஒப்பித்தேன். மண் கோப்பையில் மிச்சம் இருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னது: "ஃபிரேமுக்கு வெச்ச குங்குமம் கடல் தண்ணியில கரைஞ்சிடும்னு உங்க மாமாகிட்ட சொல்லு."

வாசனை

பெயரை விட்டுவிட்டு மாமா கவலைப்பட்டது ரகசியத்தைப் பற்றி. வறுத்த பருப்பில் கடைசியாக ஒரு சாமான் சேர்ப்பார். கதவைச் சாத்திக்கொண்டுதான் சேர்ப்பார். சிங்கப்பூருக்குப் போவதற்குள் அது வெளியே போய்விடக் கூடாது என்று, தொழில் ரகசியத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன் என ஒரு ஒப்பந்தம் அடித்து வரச் சொன்னார். அதில் ஷிப்ரா தியிடம் கையெழுத்து வாங்கும் வேலை என் தலையில்.

ஷிப்ரா தி நிதானமாகப் படித்தார். வாணலியைக் கீழே இறக்கி வைத்தார். மாமா கதவைச் சாத்திக்கொண்டு போடுகிற சாமானின் பெயரை, எத்தனை ஸ்பூன் என்பதோடு சேர்த்து என் காதில் சொன்னார். அப்புறம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மாமாவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "என்கிட்ட வாங்கியாச்சு, சரி. கதவு இடுக்கு வழியா வர்ற வாசனைகிட்ட எந்தப் பேப்பர்ல வாங்கப் போறீங்க?"

ஜூம் பண்ணிப் பார்த்தது

சாம்பிள் போய் மாதங்கள் ஓடின. ஆர்டர் வரவில்லை. சிங்கப்பூர்க்காரர் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் நித்யா அக்கா ஒரு போட்டோ அனுப்பினார். அக்கா ஐ.டி.யில் வேலை, எங்கள் பக்கத்து லேக் கார்டன்ஸில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது எங்கள் கஸ்டமர், இப்போது சிங்கப்பூரில். போட்டோவில் ஒரு ஷெல்ஃப். அதில் வரிசையாக என் பூனை.

முதல் இரண்டு நிமிஷம் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஜூம் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது. கண்ணாடிக்கு வெளியே மழை மாதிரி தெரிந்தது. பாக்கெட்டை எடுக்க ஒரு கை நீண்டிருந்தது, வளையல் போட்ட கை. அந்தக் கை நானாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஷெல்ஃபுக்கு மேலே என் போஸ்டர்கூட இருந்தது. அதற்கப்புறம்தான் நாம் ஒரு பெட்டிகூட இன்னும் அனுப்பவில்லையே என்பது உறைத்தது. கீழே நித்யா அக்கா எழுதியிருந்தார்: "அபி, உங்க பூனை இங்கே இருக்கு, ஆனா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா உங்க யாரையுமே காணோம்."

இங்கிலீஷில் பேசினார்

லாஹிரி காகு சிங்கப்பூர் டிரேட்மார்க் பதிவேட்டில் தேடிப் பார்த்தார். பூனைப் படத்தையும் பெயரையும் அந்த ஆள் தன் பெயரில் பதிவு செய்ய மனுப் போட்டிருந்தார். நல்ல வேளையாக இன்னும் முடியவில்லை. ஆட்சேபம் சொல்ல நாள் இருந்தது. அது தவறினால் எங்கள் பூனையோடு நாங்கள் அங்கே போய் இறங்கினாலே நாங்கள்தான் திருடர்கள்.

வேறொரு நம்பரிலிருந்து மாமா போன் செய்தார். இந்தத் தடவை சிங்கப்பூர்க்காரர் எடுத்தார். மாமா தமிழில் கேட்டார், அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார். படம் அவருடைய டிசைனர் வரைந்ததாம். அவர்கள் ஊரில் ஆபரேஷன் ஆன தெருப்பூனைக்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டுவார்களாம், அதைப் பார்த்துத்தான் ஒற்றைக் காதாம். கேட்டதும் எனக்கே ஒரு நொடி நம்பிக்கை வந்துவிட்டது, அவ்வளவு ஜோடனை. மாமா போனை வைத்தார். கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை. "தமிழ்ல ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்டி" என்றார்.

கணக்கு நோட்டு

"படத்தை யார் வரைஞ்சது? எப்போ? ஆதாரம் இருக்கா?" என்றார் லாஹிரி காகு. வரைந்தவருக்குத்தான் படம் சொந்தம், காப்பிரைட் என்கிற அந்த உரிமைக்குத் தனி மனு வேண்டாம், சிங்கப்பூரிலும் செல்லுமாம். பெயரைத் தவறவிட்டாலும் படத்தைப் பிடித்து இழுக்கலாமாம். நான் வீட்டுக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்தை விட்ட அன்று, இனிமேல் திறப்பதில்லை என்று கட்டிப் பரணில் போட்ட மூட்டை. அதை அவிழ்க்க எனக்குப் பிடிக்கவே இல்லை. அவிழ்த்தேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு, கடைசிப் பக்கம்.

பூனை இருந்தது. அன்றைக்கு வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மதில் மேல் உட்கார்ந்திருந்த பூனை. மணி அடிப்பதற்காகக் காத்திருக்காமல் நினைத்தபோது போகக்கூடியது என்பதால்தான் வரைந்தேன். அந்தப் பக்கத்தின் மேல் மூலையை வரைவதற்கு முன்பே கிழித்து, பக்கத்து பெஞ்சுக்குச் சீட்டு அனுப்பியிருந்தேன். வலது காது வர வேண்டிய இடத்தில் காகிதம் இல்லை. அதனால் காதும் இல்லை. சாய்வாக, கிழிசல் போன வழியிலேயே கோடு நின்றிருந்தது. சிங்கப்பூர் பூனைக்கும் அதே சாய்வு.

படத்துக்குக் கீழே கணக்கு மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: கணக்குக்குப் பதில் பூனை, பெற்றோர் கையெழுத்து வாங்கி வரவும். தேதி. அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்து, அவள் போட்ட தேதி. அன்றைக்கு வாங்கின திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. லாஹிரி காகு அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், மேஜையைத் தட்டினார். "இவ்வளவு கச்சிதமான சாட்சிப் பத்திரத்தை என் சர்வீஸில் எந்த வக்கீலும் எழுதினதில்லை, உங்க கணக்கு மிஸ் எழுதியிருக்காங்க!"

சொந்தக்காரி

ஒரு நாள் காலையில் நோட்டரி முன்னால் நான் சொன்னேன், இந்தப் பூனையை வரைந்தவள் நான், இது என்னுடையது என்று. முத்திரை குத்தினார்கள். அதுவரை யாரும் எனக்கு எதையும் எழுதிக் கொடுத்ததில்லை, ஃபெயில் என்பதைத் தவிர. படி இறங்கி வந்து டிராம் தண்டவாளத்தை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன். பூனை என்னுடையது.

சாப்பிட்டுவிட்டு வந்ததும் லாஹிரி காகு அடுத்த காகிதத்தை நீட்டினார். கம்பெனி வழக்காட வேண்டுமென்றால் படம் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். ஆகவே நான் அதை மாமாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான் எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, அதனால் என் கையெழுத்தே போதுமாம். மாமா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "உனக்கு என்ன வேணும்னு கேளுடி, தரேன்" என்றார். "முதல் பெட்டி போகும்போது நானும் போகணும். பாக்கெட்டை நான்தான் ஷெல்ஃபில் வைக்கணும்" என்றேன். "பாக்கலாம்" என்றார். பெரியவர்கள் சொல்கிற பாக்கலாம் என்னவென்று உங்களுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

பேனாவை மூடும்போது இன்னொன்றும் கேட்டேன். "காகு, ஜெயிச்ச பிறகாவது அதுக்கு அந்தக் காதை வரைஞ்சு கொடுத்துடட்டுமா? ரொம்ப நாளா ஆசை." அவர் பதறிப்போய்க் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஐயோ, வேண்டாம்மா, காது வந்தா அது வேற பூனை, மறுபடி முதல்லேருந்து மனுப் போடணும்!"

முதல் பெட்டி

நோட்டின் நகலைப் பார்த்ததும் சிங்கப்பூர்க்காரர் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். எங்கள் மனு போனது, பதிவாயிற்று. முதல் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டியது நான். டெம்போ சந்தைத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் பாஸ்போர்ட் வந்துவிட்டது, மேஜை டிராயரில் இருக்கிறது. இன்னும் யாரும் அதில் முத்திரை குத்தவில்லை.

போன வாரம் நித்யா அக்கா வீடியோவில் கூப்பிட்டார். அதே ஷெல்ஃப். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார், லேக் மார்க்கெட் விலாசம் இருந்தது. மாமா குதித்தார், ஷிப்ரா தி வாணலியைத் தட்டினார். அக்கா பாக்கெட்டைத் திரும்பவும் முன்பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆமா அபி, இந்தப் பூனைதான் இங்கேயே வந்தாச்சே, இன்னும் எந்த ஊரைப் பார்த்துக்கிட்டு இருக்கு?"

மொத்தத்தில், பூனை சிங்கப்பூரில் இருக்கிறது, அதன் காது பக்கத்து பெஞ்சோடு போய்விட்டது, ஒரு நோட்டரியின் முத்திரைக்கும் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் அதற்குச் சொந்தக்காரியாக இருந்த நான் லேக் மார்க்கெட்டில் அடுத்த லேபிளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.